செட்டிபாளையத்தில் பிரேக் பிடித்த கதை

ஜூலை 11, வெள்ளி: திருச்சியிலிருந்து கோவை

விடுப்புக் கடிதத்தில் காரணம் என்ற இடத்தில் "கார் ஓட்டப் பயிற்சி" என்று எழுதியிருந்தேன். மேலாளர் கடிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தினமும் அலுவலகத்துக்குக் காரில் வருகிறவள் நான். வயது 47, உரிமம் வாங்கிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. "ரேஸ் ட்ராக்ல சார்" என்றதும் சட்டென்று கையெழுத்துப் போட்டுவிட்டார். பேச்சை வளர்க்க விருப்பமில்லை போலிருக்கிறது.

உண்மையான காரணம் போன டிசம்பரில் தொழுதூர் பக்கத்தில் நடந்தது. சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சென்டர் மீடியன் இடைவெளியில் புல்லுக்கட்டு ஏற்றிய டிவிஎஸ் எக்ஸ்எல் ஒன்று குறுக்கே வந்தது. அதுவரை மிதிக்காத மிதி மிதித்தேன். பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதறியது. பல்சக்கரம் உடைந்து அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம். பயந்துபோய்க் காலை எடுத்துவிட்டேன். கார் மண்ணில் இறங்கி, ஒரு கிலோமீட்டர் கல்லை உரசிக்கொண்டு நின்றது. எக்ஸ்எல்காரர் பத்திரமாக அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்து, "பாத்து வரக் கூடாதாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

மெக்கானிக் சொன்னது அதைவிட மோசம். "பிரேக்குல ஒண்ணுமில்ல மேடம். அந்த உதறல் ஏபிஎஸ். அது வேலை செஞ்சிருக்கு, நீங்கதான் பாதியில வேலைய விட்டுட்டீங்க." (ஏபிஎஸ் என்றால், முழு பலத்தோடு பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு.)

ஆறு மாதமாக இது உறுத்திக்கொண்டே இருந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள்தான், கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இரண்டு நாள் ஆரம்பநிலைப் பயிற்சி நடக்கப்போகிறது என்று தேடிக் கண்டுபிடித்தாள். பணத்திலும் பாதியைக் கட்டினாள். மொத்தம் 35,000 ரூபாய். அன்றைய விலைக்குக் கிட்டத்தட்ட அரைப் பவுன். வீட்டுக்காரர் பவுன் கணக்கில்தான் சொல்லிக் காட்டினார்.

கரூர் வரை வழியில் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளக்கோவில் தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. மேற்கு மலைத்தொடர் பாலக்காட்டுப் பக்கம் மட்டும் முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு வழிவிட்டிருக்கிறது அல்லவா, ஆடி நெருங்க நெருங்க அந்த வழியாகக் காற்று கொட்டுகிறது. காங்கேயம், பல்லடம் வரை காற்றாலைகள் ஒன்றுவிடாமல் சுற்றிக்கொண்டிருந்தன. லாரியைத் தாண்டும்போதெல்லாம் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தே ஓட்டிவந்தேன். (அப்படி இறுக்கிப் பிடிப்பதே தப்பு என்று மறுநாள் தெரிந்தது.)

ஈச்சனாரி பக்கம் ஒரு விடுதியில் அறை. வெந்நீர் வராது என்பதைப் பணம் வாங்கிய பிறகுதான் சொன்னார்கள். வெளியே தள்ளுவண்டியில் காளான். கோவையில் காளான் என்றால் பெரும்பாலும் முட்டைக்கோஸ், நடுநடுவே காளான். தோசைக்கல்லில் கொத்திக் குழைத்து, மேலே வெங்காயமும் மல்லித்தழையும் தூவி, நாற்பது ரூபாய். "காரம் போதுங்களாக்கா?" என்று மூன்று தடவை கேட்டார் வண்டிக்காரர். திருச்சியில் என் சொந்தத் தம்பிகூட என்னிடம் இத்தனை "ங்க" போட்டதில்லை.

ஜூலை 12, சனி: முதல் நாள்

காலை ஏழு மணிக்கு ட்ராக் வாசலில் நின்றேன். தென்னந்தோப்புகளுக்கும் புதிதாக முளைத்த வீட்டுமனைகளுக்கும் நடுவில் திடீரென்று ஒரு மதில், அதற்குள் ஓட்டப்பாதை. மொத்தச் சுற்று சுமார் 2.1 கிலோமீட்டர்தான். டிவியில் பார்க்கிற ரேஸ் மைதானங்களை நினைத்துக்கொண்டு வந்தால் இது கையடக்கமாகத் தெரியும். ஓட்டும்போது அப்படித் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

நாங்கள் பன்னிரண்டு பேர். பத்துப் பேர் இருபதுகளில் இருக்கும் பையன்கள். அப்புறம் பாலக்காட்டிலிருந்து வந்த பல் டாக்டர் ஒருவர், நான். பையன்களுக்கு நான் உடனே "அக்கா", டாக்டருக்கு "சேச்சி". சொல்லிக்கொடுப்பவருக்கு அறுபதை ஒட்டிய வயது. எல்லாரும் அவரைச் "சார்" என்றுதான் கூப்பிட்டோம். சின்ன வயதில் சோழவரத்தில் ரேஸ் பார்த்துக் கெட்டுப்போனவன் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்கள் அவை. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ட்ராக் வந்த பிறகுதான் சோழவரத்தின் கதை முடிந்தது. "அங்க தூசி தின்னுட்டுத்தாங்க ரேஸ் பாப்போம்" என்றார்.

வகுப்பு ஒரு மணி நேரம். கொடிகளைப் பற்றிச் சொன்னார்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, யாரையும் முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், மெதுவாகப் பிட்டுக்கு (ட்ராக் ஓரம் வண்டிகள் நிற்கிற இடம்) வந்துவிட வேண்டும். நீலம் என்றால் பின்னால் வேகமான ஆள் வருகிறார். நீலக்கொடியை மட்டும் நன்றாக மனப்பாடம் செய்துகொண்டேன். எனக்கு அதுதான் தேவைப்படும் என்று தெரியும்.

ஒரு விஷயம் மனதில் ஒட்டிக்கொண்டது. கார் ரோட்டைத் தொடுவது நான்கு டயர்களின் நான்கு திட்டுகளில்தான், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். "ஒரு டயருக்கு நூறு ரூபா குடுத்திருக்கேன்னு வெச்சுக்குங்க. பிரேக்குக்கே நூறையும் செலவு பண்ணிட்டா, திருப்பறதுக்குக் கையில காசு இருக்காது. திருப்பிட்டே இருக்கறப்ப பிரேக் அடிச்சா, கடன் வாங்கணும். டயர் கடன் தராதுங்க." வளைவுக்கு முன்னாலேயே நேர்கோட்டில் பிரேக்கை முடித்துவிட வேண்டும் என்பதைச் சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பிறகு உட்காரக் கற்றுக்கொடுத்தார். இதற்கு அரை மணி நேரம்! சீட்டில் தோள் ஒட்டியிருக்க, நீட்டிய கையின் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். கிளட்சை முழுக்க மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். கை இரண்டும் கடிகாரத்தில் ஒன்பதேகால். பத்தொன்பது வருடமாக நான் பன்னிரண்டரையில் ஒரு கையும் கியரில் ஒரு கையுமாக, சாய்வு நாற்காலி பாணியில் ஓட்டிவந்திருக்கிறேன். சரியாக உட்கார்ந்ததும், ஸ்டியரிங் முகத்தில் இடிக்கிற மாதிரி இருந்தது.

பத்து மணிக்குப் பிரேக் பயிற்சி. வண்டி போலோ. பின் சீட்டைக் கழற்றிவிட்டு இரும்புக் கம்பிக் கூண்டு போட்டிருந்தார்கள். நேர்ப்பாதையில் அறுபது வேகத்தில் வந்து, ஆரஞ்சு கோன்களைத் தொட்டதும் முழு பலத்தோடு பிரேக். அவ்வளவுதான் பாடம்.

முதல் தடவை மிதித்தேன். பெடல் உதறியது. தொழுதூர் உதறல், அதே கடகட. என்னைக் கேட்காமலே கால் மேலே வந்துவிட்டது. வண்டி நின்ற இடத்தைப் பையன்கள் நீள நீளமாக அடி எடுத்து வைத்து அளந்தார்கள்: முப்பத்தொன்று. இரண்டாவது தடவையும் அதே கதை. மூன்றாவது தடவை, உதறலுக்கு முன்பே பயந்து மெதுவாக மிதித்தேன்.

சார் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "உதறுதுன்னா என்னங்க அர்த்தம்? டயர் பூட்டிக்கப் போகுது, நான் விட்டு விட்டுப் பிடிக்கிறேன், நீ காலை எடுக்காதன்னு வண்டி உங்ககிட்டப் பேசுது. ஒரு செகண்டுக்குப் பத்துப் பதினஞ்சு தடவை விட்டுப் பிடிக்குது. உங்களால முடியுங்களா? முடியாதில்ல. அப்ப அது பேசி முடிக்கற வரைக்கும் மிதிச்சுட்டே இருங்க." 2019-லிருந்து இங்கே விற்கிற எல்லாப் புதுக் கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயம். வருகிற மாணவர்களில் முக்கால்வாசிப் பேர் அதை முதல்முறை உணர்வதே இந்த இடத்தில்தானாம். மிதிக்கவே பயம் என்றார். முட்டையை மிதிப்பது மாதிரி மிதித்தே பழகிவிட்டோம்.

நாலாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். சீட் பெல்ட் தோளை அறுத்தது, கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்தது, பெடல் உதறு உதறு என்று உதறியது. காலை எடுக்கவில்லை. வண்டி நின்றுவிட்டது. எனக்கோ இன்னும் நின்ற மாதிரி இல்லை. "நின்னுடுச்சுங்க, காலை எடுக்கலாம்" என்றார். பதினேழு அடி வைப்பு.

முப்பத்தொன்றுக்கும் பதினேழுக்கும் நடுவில் பதினான்கு. தொழுதூரில் எனக்குத் தேவைப்பட்டது அதைவிடக் குறைவு.

அப்புறம் எண்பது வேகம். வேகத்தில் கூடியது மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் நிற்கிற தூரம் இரண்டு மடங்கை நெருங்கிவிட்டது. எண்பதில் ஒரு நொடி யோசித்தாலே இருபத்திரண்டு மீட்டர் போய்விடுகிறது, அதற்குப் பிறகுதான் பிரேக்கின் கணக்கே ஆரம்பிக்கிறது. வகுப்பறையில் கேட்டால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன். கோன்கள் ஜன்னல் ஓரம் பறக்கும்போது வயிற்றில் புரிந்தது.

மதியம் அரிசிம்பருப்பு சாதம். பக்கத்து ஊர்ப் பாட்டி ஒருவர் பெரிய அண்டாவில் கொண்டுவந்து பரிமாறினார். நெய், அப்பளம், தயிர், மாங்காய் ஊறுகாய். "நல்லாச் சாப்புடு அம்முணி, வண்டி ஓட்டறவ வயித்தக் காயப் போடக் கூடாது" என்றார். 47 வயதில் ஒருவர் நம்மை அம்முணி என்று கூப்பிட்டால் இரண்டாம் தடவை சாதம் வாங்காமல் இருக்க முடியுமா? வாங்கினேன். அதன் பலனை மதியம் கோன்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்டும்போது அனுபவித்தேன்.

அந்தப் பயிற்சியில் ஏழு கோன்களைச் சாய்த்தேன். ஒன்று காருக்கடியில் சிக்கிக் கூடவே வந்தது. காரணம் கண் என்றார் சார். எந்தக் கோனை இடிக்கக் கூடாது என்று பயப்படுகிறேனோ அதையே பார்க்கிறேன், பார்க்கிற இடத்துக்குத்தான் கை வண்டியைக் கொண்டுபோகிறது. இடிக்கக் கூடாததைப் பார்க்காதே, போக வேண்டிய இடத்தைப் பார். கேட்க எளிது. பல் டாக்டர் முதல் தடவையிலேயே ஒன்றையும் தொடாமல் போனார். "பல்லு மாத்திரம் நோக்கும் சேச்சி, ஊசி நோக்கில்ல" என்று விளக்கம் வேறு.

மாலை ஐந்தரைக்கு எல்லாம் முடிந்தது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கேரேஜ் ஓரம் ஒற்றை இருக்கை ஃபார்முலா கார் ஒன்று போர்த்திக் கிடந்தது. வயதான மெக்கானிக் ஒருவர் போர்வையை விலக்கிக் காட்டினார். எல்ஜிபி ஃபார்முலா 4. உள்ளே இருப்பது நம் பழைய மாருதி எஸ்டீமின் என்ஜின்! என் அப்பா வைத்திருந்த அதே எஸ்டீம். கோவையில் இப்படிச் செய்வது புதிதில்லை. இந்த ட்ராக்குக்குப் பெயர் தந்த கரிவரதன், மாருதி 800 என்ஜினைப் போட்டு ஃபார்முலா மாருதி வண்டிகளைக் கட்டியவர். வெளிநாட்டு வண்டி வாங்க வசதியில்லாத பையன்கள் அதில் ஓட்டிப் பழகினார்கள். பின்னால் 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன் தொடங்கியதும் ஃபார்முலா மாருதியில்தான். கரிவரதன் 1995-ல் சிறிய ரக விமானம் விழுந்து இறந்தார். ட்ராக் திறக்கப்பட்டது 2003-ல். "அவரு இருந்திருந்தா இதப் பாத்து ஆயிரம் குத்தம் சொல்லியிருப்பாருங்க" என்று பெரியவர் போர்வையைத் திரும்பப் போர்த்தினார். அந்தக் குரலில் இருந்தது வருத்தமா பெருமையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஜூலை 13, ஞாயிறு: இரண்டாம் நாள்

விடியும்போதே சாரல். குடை பிடித்தால் குடை கையில் நிற்காத காற்று. செட்டிபாளையம் சாலையில் ஒரு பேக்கரியில் நின்று தேங்காய் பன்னும் டீயும் சாப்பிட்டேன். கோவைக்காரர்களுக்கு டீக்கடை என்பதே பேக்கரிதான். காலை ஆறரைக்கே பப்ஸ் சூடாக இருந்தது.

இன்று ஹெல்மெட். என் கொண்டை உள்ளே போகவில்லை. அவிழ்த்துப் பின்னல் போட்டு, அதைச் சட்டைக்குள் விட்டு, முகமூடித் துணி மாட்டி, ஹெல்மெட் போட்ட பிறகுதான் மூக்குக்கண்ணாடி ஞாபகம் வந்தது. பத்து பையன்கள் காத்திருக்க, கண்ணாடியின் காதுக் கம்பியை ஹெல்மெட்டின் இடுக்கில் செருகும் வேலை ஐந்து நிமிடம் நடந்தது.

ஈரத் தரையில் பாதையைக் கற்றுக்கொண்டோம். வளைவுக்கு முன் வெளி ஓரம், நடுவில் உள் ஓரத்தைத் தொட்டு, வெளியேறும்போது திரும்பவும் வெளி ஓரம். முதலில் சாரின் வண்டிக்குப் பின்னால் வாத்துக் குஞ்சுகள் மாதிரி வரிசையாகப் போனோம், பிறகு தனியாக விட்டார்கள். நீலக்கொடியை நான் பார்த்த அளவு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு பையனும் முந்தும்போது கை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டுப் போனான். நம் சாலைகளில் ஹார்ன் அடித்துத் திட்டிக்கொண்டு முந்துகிற அதே வயதுப் பிள்ளைகள். இங்கே மட்டும் எப்படி இந்த மரியாதை என்று யோசித்ததில் ஒரு வளைவைத் தவறவிட்டேன்.

தவறவிட்டதோடு நிற்கவில்லை. வேகம் அதிகம் என்று பட்டதும், வளைவின் நடுவிலேயே ஆக்சிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்துவிட்டேன். எடை முழுதும் முன்னால் சாய, பின் சக்கரங்கள் ஈரத்தில் பிடியை விட்டன. வானம், புல், மதில், திரும்பவும் வானம். சத்தமே இல்லை, அதுதான் ஆச்சரியம். காலையில் சொன்னது ஒன்றே ஒன்று ஞாபகம் வந்தது: சுற்ற ஆரம்பித்தால் ரெண்டு காலும் உள்ளே. கிளட்சும் பிரேக்கும். மிதித்தேன். கார் வந்த திசையையே பார்த்தபடி புல்லில் நின்றது. என்ஜின் அணையவில்லை. சைகை காட்டுகிற பையன் ஓடிவந்து, "ஏனுங்கக்கா, ஒண்ணுமில்லீங்களே?" என்றான். இல்லை என்றேன். குரல் வரவில்லை என்று பின்னால் சொன்னான்.

பிட்டுக்கு வந்ததும் பழக்க தோஷத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். நாலு பேர் ஒரே நேரத்தில் "அக்கா, வேண்டாங்க!" என்று கத்தினார்கள். பிரேக் கொதிநிலையில் இருக்கும்போது இழுத்து வைத்தால் பிடித்துக்கொள்ளுமாம். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்தார்கள். வண்டியைச் சுற்றி, கருகிய வடச்சட்டியில் எண்ணெய் ஊற்றிய மாதிரி ஒரு நாற்றம்.

"இந்த முறை காலை எடுத்ததுதாங்க தப்பு" என்றார் சார். நேற்றும் அதுதான் தப்பு. பிரேக்கிலிருந்தும் எடுக்கக் கூடாது, ஆக்சிலேட்டரிலிருந்தும் திடுமென்று எடுக்கக் கூடாது. பயம் வந்தால் என் கால் முதலில் செய்வது ஓடிப்போவது. வீட்டில் பல்லி விழுந்தாலும் அப்படித்தான்.

மதியத்துக்கு மேல் வெயில் எட்டிப் பார்த்தது, ட்ராக் காய்ந்தது. கடைசி ஓட்டத்தில் மூன்றாவது சுற்று கொஞ்சம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது சிவப்புக் கொடி. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிக்கொண்டு மெதுவாக வந்தால், ஆண் மயில் ஒன்று உள் ஓரத்தைச் சரியாகத் தொட்டபடி ட்ராக்கைக் கடந்துகொண்டிருந்தது. எங்கள் பன்னிரண்டு பேரையும்விடச் சரியான பாதை அது. விரட்டக் கூடாது, ஹார்ன் கூடாது. அது தோகையை இழுத்துக்கொண்டு வேலிக்குள் போகும்வரை ஆறு நிமிடம் நின்றோம். அந்த ஆறு நிமிடமும் எங்கள் நேரத்தில்தான் கழிந்தது.

முடிவில் சார் ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். அவர் கை அவசரப்படவே இல்லை. அரைத் தூக்கத்தில் மாவு ஆட்டுகிற மாதிரி ஸ்டியரிங் நகர்ந்தது, ஆனால் என் வயிறு ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கம் தங்கிவிட்டது. இறங்கியதும் வேலியோரம் போய் மதியச் சாப்பாட்டைத் திருப்பிக் கொடுத்தேன். பாட்டி பார்க்கவில்லை.

சான்றிதழ், போட்டோ, எல்லாரும் எண் பரிமாறிக்கொண்டது. டாக்டர் பாலக்காட்டுக்கு வந்தால் பல் இலவசம் என்றார்.

ஜூலை 14, திங்கள்: திரும்பும் வழி

உடம்பில் நான் இதுவரை அறியாத இடங்களெல்லாம் வலித்தன. இடது பாதம், விலா, தாடை. பல்லைக் கடித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறேன். விடுதியில் இன்றும் வெந்நீர் இல்லை. சூலூர் தாண்டி இளநீர், அறுபது ரூபாய். என்னங்க இவ்வளவு என்றதற்கு, "தேங்கா விக்கிற வெலைக்கு எளநி வெட்டறதே பாவமுங்க" என்றார். வழுக்கையை மட்டை ஸ்பூனில் வழித்துக் கையில் கொடுத்தார்.

ஒன்பதேகாலில் கை வைத்துத் திருச்சி வரை ஓட்டினேன். இன்று காற்று பின்னாலிருந்து தள்ளியது. முன்னால் போகிற வண்டியின் பின்பக்கத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அதற்கும் முன்னால் போகிறவற்றைப் பார்த்தேன். சாலை ஓர ஆடுகள் எனக்கு முன்கூட்டியே தெரிந்தன. எதுவும் நடக்கவில்லை. கரூரில் ஒரு மினி பஸ்காரர் மட்டும் நான் இடைவெளி விட்டதைத் தன் இடமாக எடுத்துக்கொண்டார், அப்புறம் இன்னொருவர்.

வீட்டுக்காரரின் முதல் கேள்வி: "எவ்வளவு வேகம் போன?"

"நேர்ப்பாதைல 118."

"இதுக்கா அரைப் பவுன்? உன் தம்பி விழுப்புரம் ரோட்ல 140 போறான்."

பதில் சொல்லவில்லை. மாலையில் அவரைக் காரில் உட்கார வைத்து, சீட்டை நிமிர்த்தி, முன்னால் தள்ளி, மணிக்கட்டை ஸ்டியரிங் மேல் வைக்கச் சொன்னேன். பெண் பார்க்க வந்த பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். முதுகு வலிக்கிறது என்றார். பரவாயில்லை, தெருமுனை வரை போய்வாருங்கள் என்று அனுப்பினேன்.

பால் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். போய்ப் பார்த்தால், சீட் பழையபடி சாய்வு நாற்காலி. மூன்று பல் முன்னால் தள்ளி வைத்துவிட்டு வந்தேன்.